டாக்டரம்மாவின் மீசை

பல்வலி பொறுக்க முடிகிறவரைக்கும் கடவுளைக் கூப்பிடுவார்கள். பொறுக்க முடியாமல் போனதும் பெரிய டாக்டரைக் கூப்பிடுவார்கள். அந்தத் தெருவின் வழக்கம் வெகுகாலமாக அப்படித்தான் இருந்தது.

சலவைக்கடைக்கு மேலே, படியேறினால் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும் காத்திருக்கிற அறை, அதற்கு அப்பால் சிகிச்சை அறை, இரண்டுக்கும் நடுவில் கருவிகளை நீராவியில் வேகவைத்து எடுக்க ஒரு சின்னத் தடுப்பு. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஆனாலும் அந்தத் தெருவில் பெரிய டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டாதவர் யாரும் கிடையாது. கைக்குழந்தைகளை விட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பல் முளைக்கட்டும்.

அடுத்தவர் வாய்க்குள் எட்டி எட்டிப் பார்த்தே அவர் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. நேராக நடந்து வரும்போதும் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிறவர் மாதிரியே இருப்பார். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் குனிஞ்சீங்கன்னா கையே மரத்துப் போயிடும். அந்த நாற்காலிப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. தண்ணியில இறங்கி நீந்துங்க, அதுதான் மருந்து" என்றார்.

மனுஷருக்கு நீச்சல் தெரியாது. அந்த வயதில் குட்டிப் பிள்ளைகளோடு நீச்சல்குளத்தில் இறங்கி, இடுப்பில் மிதவையைக் கட்டிக்கொண்டு கை கால் உதைத்துக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகு அவரைக் கரையேற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. அப்படியொரு பிரியம் தண்ணீர் மேல்.

நாற்காலிக்கு அவர் மருமகள் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்துக் கை தேர்ந்தவள்தான். ஊசி போட்டால் கொசு கடித்த மாதிரி இருக்கும். ஆனால் அது தெரிய வேண்டுமென்றால் முதலில் யாராவது ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? படியேறி வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டுவார்கள்.

"பெரிய டாக்டர் இல்லீங்களா?"

"நான் இருக்கேன், வாங்க."

"இல்ல, சும்மாதான் கேட்டேன். அப்புறமா வர்றேன்."

வீங்கிய கன்னத்தோடு சும்மா கேட்க வந்தேன் என்று சொல்கிறவரை என்ன செய்வது? பல் டாக்டருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கத்தான் வேண்டியிருந்தது.

அப்படித் திரும்பிப் போகிறவர்கள் படியிறங்கும்போதே பெரிய டாக்டருக்குப் போன் போட்டுவிடுவார்கள். அவரோ யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிற்பார். "நீ போய்க் கொஞ்சம் காபி குடிச்சுட்டு வாம்மா, இதை நான் முடிச்சுடறேன்" என்பார். அவள் தடுப்புக்குப் பின்னால் நின்று, கொதிக்கிற பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று முழுதும் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பார்.

போன வாரம் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, காலையில மட்டும் நானே வந்து உக்காந்துடட்டுமா? அவங்களுக்கும் நிம்மதி, உனக்கும் அலைச்சல் மிச்சம். அடுத்த வாரத்துல இருந்து வெச்சுக்கலாமா?"

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கழுத்து போய்விடும். அதோடு அவளும் காலத்துக்கும் தடுப்புக்குப் பின்னால் நின்று பாத்திரம் பார்க்க வேண்டியதுதான். "ஒரு வாரம் பொறுங்க மாமா" என்றாள். வேறென்ன சொல்வாள்?

காத்திருக்கிற அறையை ஆண்டுவந்தவர் டோக்கன் அக்கா. ஒரே ஒருவர் வந்தாலும் டோக்கன் கொடுக்காமல் உள்ளே விடமாட்டார். ஒருமுறை பெரிய டாக்டரின் சொந்த மகனுக்கே, அதாவது நம் டாக்டரம்மாவின் கணவனுக்கே, டோக்கன் கொடுத்து உட்கார வைத்தவர்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்று, அவள் கேட்ட அந்த ஒரு வாரம் முடியப்போகிற சமயத்தில், ஒரு மதியம் உள்ளே வந்தார் அக்கா. "அய்யா இல்லீங்களான்னு ஏன் கேக்கறாங்க தெரியுமா? உள்ள வந்ததும் முதல்ல அய்யா மூஞ்சிதான் தெரியுது. அந்த டிவியப் பாருங்க."

உண்மைதான். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய தட்டை டிவி. ஓஎல்இடி என்கிறார்களே, அந்த ரகம். அப்பாவுக்கென்று மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. "வீட்ல யாருடா பார்க்கறா? பல்வலியோட உக்காந்திருக்கறவங்க பார்க்கட்டும்" என்று அவர்தான் இங்கே மாட்டச் சொன்னார். மாட்டிய அன்றே சண்டை. ஒருவருக்குச் செய்தி, ஒருவருக்குத் தொடர், ஒருவருக்குக் கிரிக்கெட். வாய் திறக்க முடியாமல் வந்தவர்கள்கூட வாய் கிழியச் சண்டை போட்டார்கள். டோக்கன் அக்கா ரிமோட்டைப் பிடுங்கினார். பெரிய டாக்டரின் படம் ஒன்றை ஏற்றி, கீழே "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று எழுதி, அதையே நிறுத்தி வைத்துவிட்டார். நெற்றிக்கு மேல் ஏறிய வழுக்கை, அதன் ஓரத்தில் கறுப்பு முடி, கறுகறுவென்று மீசை, தடித்த கறுப்புச் சட்டத்தில் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, வாய் நிறையச் சிரிப்பு. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் படம் அசையவில்லை.

டிவியும் அணையவில்லை. அதற்கும் அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. அவர் வீட்டுப் பழைய டிவி, ஒருநாள் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டபோதுதான் உயிரை விட்டது. "ஓடிக்கிட்டிருக்கறது ஓடிக்கிட்டே இருக்கும். அணைச்சாத்தான் சாகும்" என்பது அவர் கட்சி. ஆகவே ஆஸ்பத்திரியைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும், விடுமுறை நாளிலும், ஆளில்லாத அறையில் பெரிய டாக்டர் நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதை எடுத்துட்டு உங்க படத்தப் போடுவோம்" என்றார் அக்கா. "அதே இடம், அதே அளவு, அதே கோட்டு. வித்தியாசமே தெரியக்கூடாது. வர்றவங்களுக்குக் கண்ணு பழகிடும், அப்புறம் மனசும் பழகிடும்."

டாக்டரம்மாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்காவே செல்போனில் எடுத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்தால் சின்னப் பெண் என்று நினைப்பார்கள், மதிப்பு இருக்காது என்பது அவள் எண்ணம். வேலை செய்யும்போதும் அவள் அப்படித்தான், வாயைத் திறக்கமாட்டாள், நோயாளி திறந்தால் போதும் என்று இருப்பாள். அதனால் போலீஸ் நிலையத்தில் மாட்டுகிற படம் மாதிரி விறைப்பாக நின்றாள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, அய்யாவின் கண் இருந்த இடத்தில் அவள் கண், வாய் இருந்த இடத்தில் வாய் என்று இம்மி பிசகாமல் பொருத்தி ஏற்றினார்.

உள்ளே பஞ்சு மடித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கு வெளியே ஒரு சிரிப்புக் கேட்டது. பால்பல் ஆடுகிறதென்று அம்மாவோடு வந்திருந்த ஒரு வாண்டு.

"அம்மா, அங்க பாரு, டாக்டர் ஆன்ட்டிக்கு மீசை!"

"சும்மா இருடி."

"நெஜமாத்தாம்மா, தாத்தா மீசை!"

அந்த அம்மா "சும்மா இருடி" என்று இன்னொரு முறை சொல்லப் பார்த்து, முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தாள். விறைப்பான முகம். அந்த முகத்தில் மூக்குக்குக் கீழே, இரண்டு பக்கமும் பரந்து, பளபளவென்று ஒரு வெள்ளை மீசை. கண்களைச் சுற்றிப் பெரிய வெள்ளை வளையங்கள். போதாக்குறைக்கு நெற்றிக்கு மேல் வழுக்கைக்கு எல்லை கட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"என்னக்கா இது?"

"நான் ஒண்ணும் வரையலீங்க டாக்டரம்மா, சத்தியமா!" அக்கா புடவைத் தலைப்பால் திரையைத் தேய்த்துப் பார்த்தார். மீசை இன்னும் நன்றாக மினுங்கியது.

ஆடுகிற பல்லோடு வந்த வாண்டு, பல்லைக் காட்டாமலே கூட்டிக்கொண்டு போகப்பட்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. மாமனார் மீசையை மருமகள் வைத்துக்கொண்டிருக்கிறாளாம் என்று. அன்று வீட்டில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கணவன் "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டதும் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், பாவம்.

மறுநாள் காலையில் டிவி மெக்கானிக் வந்தார். வளவளவென்று பேசுகிற ஆள், ஆனால் வேலைக்காரர். திரையை அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"இந்தப் படத்தத் தூக்கிட்டு, வெறும் சாம்பல் கலர் போடறேன். அப்பத்தான் முழுசாத் தெரியும்" என்றார்.

போட்டார்.

வெறும் சாம்பல் திரையில் பெரிய டாக்டர் நின்றார், எக்ஸ்ரே படத்தில் நிற்கிற மாதிரி. கோட்டு கறுத்திருந்தது, முகம் கறுத்திருந்தது, பற்கள்கூடக் கறுத்திருந்தன. மீசையும் முடியும் கண்ணாடிச் சட்டமும் மட்டும் வெளேரென்று இருந்தன. கீழே "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்ற எழுத்தும் வெளுப்பாகத் தெரிந்தது.

"அய்யோ அய்யா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார் டோக்கன் அக்கா. "நல்லா இருக்கற மனுஷன், இப்படி ஆவி மாதிரி..."

"ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. இதுக்குள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி விளக்கு" என்றார் மெக்கானிக். "வெள்ளைக் கோட்டு இருந்த இடத்துல விளக்கெல்லாம் ராப்பகலா எரிஞ்சு எரிஞ்சு களைச்சுப் போச்சு. மங்கிடுச்சு. மீசை கறுப்பு பாருங்க, கறுப்புன்னா அந்த இடத்துல விளக்கு எரியவே இல்லன்னு அர்த்தம். இத்தனை வருஷமா ஜாலியாத் தூங்கியிருக்கு. இப்ப உங்க படத்தப் போட்டதும், தூங்கினது மட்டும் புதுசா பளிச்சுனு எரியுது. அதான் வெள்ளை மீசை."

"நேத்து வரைக்கும் இது தெரியலையே?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"எப்படித் தெரியும்? அதே படம் அதே இடத்துல உக்காந்திருந்துச்சே. வேற படம் வந்தாத்தான் தெரியும். சரி, டிவியே நடுவுல ஏதாவது கேட்டிருக்குமே? திரையச் சுத்தம் பண்ணட்டுமா, ஒரே படம் ரொம்ப நேரமா நிக்குதுன்னு?"

டோக்கன் அக்கா மேஜையில் இருந்த டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தார்.

"அக்கா?"

"கேட்டுச்சு... அப்பப்ப என்னமோ கேட்கும். நான் வேண்டாம்னு அழுத்திடுவேன். வேலை நேரத்துல வந்து கேட்டா?"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அணைச்சு வெச்சிருந்தா அது பாட்டுக்குத் தன்னைச் சரி பண்ணிக்கிட்டிருக்கும்க்கா. நீங்க அதைத் தூங்கவே விடல."

"அணைச்சுத் திரும்ப வரலைன்னா? நீங்களா வந்து பொறுப்பேத்துப்பீங்க?"

"நான்தானே அக்கா வருவேன்! வேற யாரு வருவா?"

மெக்கானிக் சுத்தம் செய்கிற வேலையை ஓடவிட்டு, திரையை அணைத்தார். அது முடிகிறவரை அக்கா டிவிக்கு எதிரிலேயே, ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மறுபடி வெளிச்சம் வந்ததும் "வந்துடுச்சு!" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்க்க டாக்டரம்மாவின் படத்தையே திரும்பப் போட்டார் மெக்கானிக். கண்ணாடி வளையம் ஏறக்குறையப் போயிருந்தது. வழுக்கைக் கோடும் போயிருந்தது. மீசை மட்டும் கொஞ்சம் இளைத்து, இன்னும் இருந்தது.

"இது முழுசாப் போகாதும்மா. உள்ளது இதுதான். இனிமேல் அசையற படமாப் போடுங்க, ராத்திரி அணைங்க, போதும்."

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கீழ்க்கடைச் சலவைக்கார அம்மா வந்தார். அவரை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. எல்லார் வீட்டு அழுக்கும் அவர் கைக்குப் போகிறது, எல்லார் வீட்டுச் செய்தியும் அவர் வாய் வழியாக வருகிறது. அவர் ஒரு கடையை நல்ல கடை என்றால் தெருவே அங்கே போகும். மூஞ்சியைச் சுளித்தால் அந்தக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். இன்று அவர் ஒரு கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"டோக்கன் வாங்கிக்கோங்க" என்றார் அக்கா.

"டோக்கனாவது மண்ணாவது! டாக்டரய்யா எங்க?"

"அய்யா நீச்சலுக்குப் போயிருக்காங்க. அம்மா இருக்காங்க."

சலவைக்கார அம்மா டாக்டரம்மாவை மேலும் கீழும் பார்த்தார். விரோதமெல்லாம் இல்லை. புதுத் துணியைச் சாயம் போகுமா போகாதா என்று பார்ப்பாரே, அப்படி. "நீ நல்ல பொண்ணுதான் கண்ணு. ஆனா எனக்கு ஊசின்னா உயிரு போயிடும். அய்யான்னா எதையாவது பேசிக்கிட்டே இருப்பாரு, ஊசி போட்டதே தெரியாது. நீ கம்முனு இருப்பியாம். கம்முனு ஒரு ஆளு ஊசியோட கிட்ட வந்தா எனக்குப் பயமாயிருக்காதா? எனக்கு அய்யாதான் வேணும்."

இதை இவ்வளவு வெளிப்படையாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. மற்றவர்கள் எல்லோரும் சும்மா கேட்க வந்தவர்கள்தானே.

அந்த அம்மா போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. பெரிய டாக்டர் தண்ணீருக்குள் இருந்தார், போன் அவர் சட்டைக்குள் இருந்தது. மறுபடி போட்டார். அதுவும் அடித்து ஓய்ந்தது.

"உக்காந்திருக்கேன்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்ததும் எதிரே டிவி.

ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. டிவியைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். தெருவில் கேள்விப்பட்டிருந்தார்தான், கண்ணால் பார்க்கவில்லை.

"இதுதானா அது?"

"அதேதாம்மா" என்றார் மெக்கானிக். "கறைன்னு நெனச்சுத் தேய்ச்சுடாதீங்க. அது..."

"கறையாவது! எனக்குத் தெரியாதா? ஜன்னல்ல தொங்கற திரைச்சீலை மாதிரி. வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும், மடிப்புக்குள்ள மட்டும் பழைய கலர் அப்படியே நிக்கும். இங்க மடிப்புக்குள்ள நின்னது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அதற்கு மேல் முடியாமல் நிறுத்தினார். தோள் குலுங்கியது. "மாமனார் மீசை!" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டது. சிரித்தால் கன்னம் விண்ணென்று வலித்தது. வலித்தால் "ஐயோ, ஐயோ" என்றார். ஐயோ என்றபடியே மறுபடி திரையைப் பார்த்தார், மறுபடி சிரிப்பு. கண்ணில் நீர் கொட்டியது. "யாராவது அதை அணைச்சுத் தொலைங்களேன், பாவிங்களா!"

"அணைக்கலாம்னு இப்பத்தாங்க ஒத்துக்கிட்டேன்" என்று டோக்கன் அக்கா எழுந்தார்.

டாக்டரம்மா என்ன செய்திருக்க வேண்டும்? நேற்று மாதிரி உள்ளே போய்ப் பஞ்சு மடித்திருக்கலாம். திரும்பத்தான் போனாள். ஆனால் திரும்பும்போது திரை கண்ணில் பட்டது. விறைத்துப்போன அந்த முகம். இவ்வளவு மரியாதையாக நின்றுகொண்டு, இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, அது தெரியாமலே உலகத்தை முறைத்துக்கொண்டு. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். மூக்கால் வந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்ததே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பொறுங்கக்கா, அணைக்காதீங்க" என்றவள், ஒரு விரலை மூக்குக்குக் கீழே வைத்து ஓரத்தில் முறுக்கிக் காட்டினாள். "அய்யாதான் வேணும்னீங்களே. இதோ, மீசையோட வந்திருக்கேன். பார்க்கலாமா?"

"சிரிக்க வைக்காதடி, செத்துடுவேன்!"

"வாயத் திறந்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? அப்படியே உள்ள வந்து உக்காருங்க. இதவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது."

எப்படி எழுந்தோம் என்று சலவைக்கார அம்மாவுக்கே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் ஊசி ஞாபகம் வந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா?" என்றாள்.

ரகசியம் என்றதும் அந்தக் கை கொஞ்சம் தளர்ந்தது. "சொல்லு."

"வாயத் திறங்க, சொல்றேன். அந்த மீசை இருக்கே, மாமாவோட மீசை, அது நெஜமாவே வெள்ளைதான். டை. அந்தக் கறுப்புச் சாயத்தக் குளியலறையில இருமல் மருந்து பாட்டில்ல ஊத்தி ஒளிச்சு வெச்சிருக்கார். வீட்ல யாருக்கும் தெரியாதுன்னு நெனப்பு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கு இருமல் வந்துச்சு. ராத்திரி போய் அந்த பாட்டிலத் திறந்து, கரண்டியில ஊத்தி, வாய் கிட்ட கொண்டு போயிட்டேன்..."

"ஆ?"

"வாசனையில தப்பிச்சேன். இல்லன்னா என் பல்லு பூரா அன்னைக்கே கறுப்பு. பல் டாக்டருக்கு! அவ்வளவுதான், இப்ப மூடலாம். கொஞ்சம் மரத்துப் போகட்டும்."

"என்னது மரத்துப் போகட்டும்? ஊசி போட்டுட்டியா?"

"எப்பவோ."

சலவைக்கார அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தன் பங்குக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "உங்க வீட்டுத் துண்டு யார்கிட்ட வருது? எங்கிட்டதானே? ஒரு ஓரத்துல கறுப்பு இருக்கும். நான் மாவு மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன், அதப் போட்டு எடுத்துடுவேன். இத்தனை வருஷத்துல ஒரு ஈ காக்காய்க்குச் சொன்னதில்ல."

"நீங்களா? சொல்லாம இருந்தீங்களா?"

"அடிப் போடி! எல்லாரையும் பத்திப் பேசுவேன், ஆனா டாக்டரய்யா மீசைமேல நான் கை வெக்க மாட்டேன்" என்றார். பாதி உதடு மரத்துப்போனதால் "மீதை" என்று வந்தது. இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள்.

அதன் பிறகு டாக்டரம்மா வேலையில் இறங்கினாள். பல்லின் தலையில் மெல்ல வழி திறந்து, அடியில் கட்டிக்கொண்டு நின்ற சீழை வெளியே விட்டாள். அந்த அம்மாவின் முகத்தில் இறுக்கம் விட்டுப்போவது கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சையும் அவள் விடவில்லை. கரண்டி கதை முடிந்ததும் கணவனுக்கு டோக்கன் கொடுத்த கதை, அதற்குப் பிறகு பெரிய டாக்டர் மிதவையோடு குளத்தில் இறங்கிய கதை. மிஷின் நிற்கிறபோதெல்லாம் அவள் குரல் கேட்டது. பேச்சு இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

வெளியே பெரிய டாக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். தோளில் ஈரத்துண்டு, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். போனில் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தார். வந்தவர் டிவியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரு இது?"

"முகம் டாக்டரம்மாவோடது. மீசை உங்களோடது" என்றார் அக்கா.

"என் மீசை எப்ப நரைச்சுது?"

மெக்கானிக் ஸ்குரூடிரைவரைப் பையில் தேட ஆரம்பித்தார். அக்கா டோக்கன்களை மறுபடி அடுக்கினார். பெரிய டாக்டர் மேலுதட்டை மெல்லத் தடவிக்கொண்டார். நீச்சல்குளத்து மருந்துத் தண்ணீர் அந்தச் சாயத்தை எப்போதோ வெளுக்க ஆரம்பித்திருந்தது. அது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் பழக்கத்தில் கோட்டு மாட்டுகிற கொக்கி வரை போனார், கையை நீட்டினார். கோட்டு அங்கே இல்லை. உள்ளே அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வேலை செய்துகொண்டிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கமே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே கை எப்படிப் போகிறது என்று அவருக்குச் சொல்ல முடியும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாத கை. மனசுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது, பிறகு ஏதோ ஒன்றை இறக்கி வைத்த மாதிரி லேசாக இருந்தது. இரண்டும் உண்மைதான்.

கதவு திறந்தது. கன்னத்தில் பஞ்சை அதக்கிக்கொண்டு சலவைக்கார அம்மா வந்தார். இவரைப் பார்த்ததும் முதலில் மீசையைத்தான் பார்த்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று அதட்டினார்.

"நீங்கதானேம்மா போன் மேல போன் போட்டீங்க?"

"அது அப்ப. இப்ப சின்னவ பார்த்துட்டா. உங்கள விட நல்லாப் பேசறா" என்றவர், டோக்கன் அக்காவிடம் திரும்பினார். "அடுத்து எப்ப வரணுமாம்? கேட்டு எழுதிக் கொடு. பேக்கரிக்காரன் ரெண்டு நாளாக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரியறான், அவனையும் வரச் சொல்றேன்." படியிறங்கும்போதே அவர் குரல் தெருவுக்கு முன்னால் போய்விட்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கண்ணில் இன்னும் சிரித்த ஈரம் இருந்தது.

"உக்காருங்க மாமா. தலை ஈரமாயிருக்கு."

"இருக்கட்டும். ஏம்மா, போன வாரம் ஒண்ணு சொன்னேனே, காலையில நான் வந்து உக்காந்துடறேன்னு..."

அவள் கையுறையைச் சுருட்டியபடி நின்றாள்.

"அது எனக்குத் தோதுப்படாது போல. காலையிலதான் குளத்துல கூட்டம் இல்ல."

அவள் பதில் சொல்லுமுன் அவர் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தார். பேக்கரிக்காரர். சலவைக்கார அம்மா அதற்குள் சொல்லிவிட்டிருந்தார் போலிருக்கிறது, இருந்தாலும் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று போட்டிருந்தார். அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்டது. அய்யா ஆஸ்பத்திரியில்தான் இருக்கீங்களா, வந்தால் நீங்களே பார்ப்பீங்களா என்றார்.

"ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். ஆனா பாதி நீச்சல்ல ஓடி வந்திருக்கேன், திரும்பிப் போகணும்" என்றார் பெரிய டாக்டர். "நீங்க வாங்க. டாக்டர் இருக்காங்க. வந்து டோக்கன் வாங்கிக்கோங்க, டோக்கன் இல்லாம விடமாட்டாங்க."

போனை வைத்துவிட்டு, துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி படியிறங்கிப் போனார். டாக்டரம்மா புதுக் கையுறை எடுக்க உள்ளே போனாள்.